இரண்டு படி

“வாயைத் திறந்து ‘இடிப்போம்’னு மட்டும் சொல்லிடாதீங்க!”

காரிலிருந்து இறங்குவதற்குள் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டாள் வீட்டு ஏஜென்ட் பெக்கி.

“கிழவர் ஒரு மாதிரி. மனைவி தவறிப்போய் ஒரு வருஷமாச்சு, தனி ஆள். போன வாரம் ஒருத்தன் சமையலறை அலமாரியை மாத்தணும்னான். கேட்டதுக்கு மேலேயே தர்றேன்னும் சொன்னான். ‘வாசல் அந்தப் பக்கம்’னு அனுப்பிட்டார்.”

யோலாண்டா தலையாட்டி வைத்தாள். எட்டு மாதமாக மினியாபொலிஸ் புறநகர் முழுக்க அலைந்தாயிற்று. பார்த்த வீடெல்லாம் மாடி வீடு. கணவன் டெரலுக்கோ சக்கர நாற்காலி. இப்போதிருக்கும் மூன்றாவது மாடியில் லிஃப்ட் மக்கர் பண்ணினால் அவன் வீட்டுக்குள்ளேயே கைதி. ஒரே தளம், அகலக் கதவு, சுவர் முழுக்கக் கண்ணாடி என்று அறுபதுகளில் கட்டிய இந்த மாதிரி வீடுதான் அவனுக்குச் சரிப்படும்.

வீடு பார்க்க ஆள் வந்தால் வீட்டுக்காரர் எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்வதுதான் ஊர் வழக்கம். மிஸ்டர் ஹால்வர்சன் அசைந்தால்தானே? எண்பத்தெட்டு வயதில் விறைப்பாக வாசலிலேயே நின்றார்.

“நானே வரைஞ்சது. நானே நின்னு கட்டினது. அறுபத்திரண்டு வருஷத்துல ஒரு ஆணி இடம் மாறினதில்லை!”

நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்த டெரல் அண்ணாந்து பார்த்தான்.

“அடேயப்பா! கண்ணாடி நேரா கூரையில போய் முட்டுதே, நடுவுல ஒரு சட்டம்கூட இல்லையே! எப்படி சார் தாங்குது?”

கிழவரின் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

“இவன்தான்யா கேக்கத் தெரிஞ்ச ஆள்! வா, காட்டறேன்.”

பெக்கி யோலாண்டாவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கடைசியாகக் கூடம். அது மட்டும் இரண்டு படி கீழே. பள்ளத்தில் மூன்று பக்கமும் சோபா, நடுவில் கல் கணப்பு.

“வீட்டோட உயிரே இதான். அந்தக் காலத்துல பத்திரிகையில படம் போட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு முப்பது பேர் இங்கே உக்காந்து சிரிச்சா, தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.”

டெரலின் சக்கரங்கள் படி விளிம்பில் நின்றுவிட்டன. கிழவர் மட்டும் இறங்கிப் போனார்.

யோலாண்டாவுக்குப் பொறுக்கவில்லை.

“சார், நாங்க வாங்கினா இந்தப் படியை உடைச்சு சரிவுப் பாதை போடுவோம்.”

பெக்கி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“என்ன சொன்னே?” கிழவர் திரும்பினார்.

“உடைப்போம்னு சொன்னேன். பொய் சொல்லி வாங்கிட்டு அப்புறம் உடைக்க மனசு வரலை. சொந்த வீட்டுல என் புருஷன் விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருக்கணுமா?”

“ஐயோ, அவ கிடக்கறா சார்!” டெரல் அவசரமாகச் சிரித்தான். “ஒண்ணையும் உடைக்க வேணாம். நான் மேலேயே இருந்துக்கறேன். இங்கேருந்தே எல்லாம் நல்லாத் தெரியுது.”

கிழவரின் முகம் சட்டென்று இருண்டது. கோட்டைக்கூட மாட்டாமல் பனியில் இறங்கிப் போய்விட்டார்.

“போச்சு, எல்லாம் போச்சு!” என்றாள் பெக்கி.

திரும்பும் வழியெல்லாம் யோலாண்டா பொரிந்து தள்ளினாள்.

“வறட்டு கௌரவம்! கல்லுக்கும் மண்ணுக்கும் இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை.”

“நீ சும்மா இருந்திருக்கலாம்.”

“மாட்டேன். உனக்காகப் பேசினேன்னு எனக்குப் பெருமையாத்தான் இருக்கு, போ!”

மறுநாள் காலை பெக்கியிடமிருந்து போன்.

“வீடு உங்களுக்குத்தான்! கூடுதலா தர்றேன்னு வந்த ரெண்டு பேரையும் விட்டுட்டார். ஆனா ஒரு நிபந்தனை.”

“தெரியுமே. படியைத் தொடக் கூடாது, அதானே?”

“படியை உடைச்சுட்டுத்தான் நீங்க குடிவரணுமாம். முதல் அடி அவர் கையாலதான் விழணுமாம். சம்மட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கார்.”

யோலாண்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அவரா? எதுக்கு?”

பெக்கி சொன்னாள்.

“அவர் மனைவி இங்க்ரிட்டும் கடைசி ஆறு வருஷம் சக்கர நாற்காலியிலதானாம். ‘வீட்டை உடைக்காதீங்க, நான் மேலேயே இருந்துக்கறேன், இங்கேருந்தே எல்லாம் நல்லாத் தெரியுது’ன்னு அந்தம்மாவும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்லுமாம். இந்த மனுஷன் அதை நம்பிட்டாராம்.”