ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள்

வீட்டில் மகள் நாரே இல்லை. ஆனால் அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்றது கைபேசி.

உன்ஜு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சாயங்காலம் நாலரை மணி. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு, பகலில் தூங்குகிறவள் அவள். இன்றைக்கு ஏனோ சீக்கிரமே விழிப்பு தட்டிவிட்டது.

வரைபடத்தில் நீலப் புள்ளி அவள். சிவப்புப் புள்ளி, எட்டாவது படிக்கும் மகள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

“நாரே?”

பதில் இல்லை. வெளிச்சம் வராமல் கறுப்புத் திரை போட்ட அறை. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

குளியலறையில் பார்த்தாள். பால்கனியில் பார்த்தாள். வாசலில் மகளின் ஷூ இல்லை. அலமாரியைத் திறந்தாள். அங்கே இருந்த கனத்த பஞ்சுப் போர்வைகள் இரண்டையும் காணோம்.

கூட வேலை பார்க்கும் சுக்ஹீயை அழைத்தாள்.

“சீக்கிரம் சொல்லுடி, கையெல்லாம் கிம்ச்சி ஊறுகாய் மசாலா.”

“அக்கா, பிள்ளை நூலகத்துக்குப் போறேன்னு சொன்னா. புள்ளி வீட்டுல இருக்கு. ஆளைக் காணோம். போர்வையையும் காணோம்!”

“இன்னைக்கு மட்டுமா?”

உன்ஜு இருப்பிடம் காட்டும் செயலியில் பழைய நாட்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“தினமும் அக்கா. ரெண்டு மாசமா. பள்ளிக்கூடம் விட்டதும் இங்கதான் இருந்திருக்கா. நான் தூங்கும்போது... என் பக்கத்துலயே.”

“ஐயோ, எனக்குப் புல்லரிக்குது! அதுல அவ மெசேஜைப் பார்க்கிற பொத்தான் ஒண்ணு இருக்குமே, அதை அமுக்கு.”

“இடம் மட்டும்தான் பார்ப்பேன், மெசேஜைத் தொடமாட்டேன்னு அவகிட்ட சுண்டுவிரல் கோத்து, கட்டைவிரல் முத்திரையும் வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேனே!”

“பதினாலு வயசுக் கழுதைகிட்ட முத்திரையாம்! அமுக்குடின்னா.”

உன்ஜு கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனாள். முத்திரை வைத்ததும் இதே விரல்தான். சுக்ஹீயின் அழைப்பைத் துண்டித்துவிட்டு மகளையே அழைத்தாள்.

ர்ர்ர்... ர்ர்ர்...

தலையணைக்கு நேர் மேலே, கூரைக்குள்ளிருந்து வந்தது சத்தம்.

நின்றது. மறு நொடி மெசேஜ் வந்தது: ‘நூலகத்துல இருக்கேன்மா. இப்ப பேச முடியாது.’

உன்ஜு அண்ணாந்து பார்த்தாள். புள்ளிக்கு மாடிக் கணக்கு தெரியாதே!

சுக்ஹீயே திரும்ப அழைத்தாள். “என்னடி ஆச்சு?”

“மேல் வீட்டுல இருக்கா அக்கா. பொய் வேற சொல்றா.”

“உன் எதிரி வீட்டுலயா!”

எதிரியேதான். அந்த வீட்டுப் பொடிசு பாலர் பள்ளி விட்டு வந்ததும் திம் திம்மென்று ஓடி, உன்ஜுவின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று தடவை சண்டை. “நானும் வீட்டுலயிருந்து வேலை பார்க்கிறவதான். நாலு வயசுப் பிள்ளையைக் கட்டியா போடமுடியும்?” என்றாள் அந்த வீட்டுக்காரி. கடைசியில் உன்ஜு லிஃப்டில் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘உங்கள் பிள்ளைக்கு இருப்பது காலா, உலக்கையா?’

அதோடு சரி. இரண்டு மாதமாக மேலே ஒரு சத்தம் கிடையாது. தன் சீட்டின் பெருமையைத் தொழிற்சாலை முழுக்கப் பீற்றியிருந்தாள்.

இப்போது அந்த அமைதியே கிலியைக் கிளப்பியது.

“அக்கா... ஓடிக்கிட்டே இருந்த பிள்ளை ரெண்டு மாசமா ஏன் ஓடல?”

“முதல்ல உன் பிள்ளையைப் போய்ப் பாரு” என்றாள் சுக்ஹீ.

செருப்பைக்கூட மாட்டாமல் படியேறினாள். மேல் வீட்டு அழைப்பு மணியின்மேல் பட்டையாக டேப் ஒட்டியிருந்தது. கதவைத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தமே இல்லை. ஆனால் பூட்டு தானாக க்ளிக் என்றது.

கதவு ஒரு சாண் திறந்தது. எதிரே முகம் எதுவும் இல்லை. குனிந்து பார்த்தாள்.

பொடிசு நின்றிருந்தது. அதன் தொடைவரை நாரேயின் கம்பளிக் காலுறை. பின்னால், சுவர் முதல் சுவர்வரை தரையில் உன்ஜுவின் பஞ்சுப் போர்வைகள். அவற்றின்மேல் வண்ணப் பென்சில்களுக்கு நடுவே மண்டியிட்டிருந்த நாரே, அம்மாவைக் கண்டு உறைந்துபோனாள்.

“அடியே...” என்று கத்த வாயெடுத்தாள் உன்ஜு.

பொடிசு அவசரமாக உதட்டில் விரலை வைத்தது.

“ஷ்ஷ்! மெதுவா பேசுங்க ஆன்ட்டி. கீழ நாரே அக்காவோட அம்மா தூங்குறாங்க.”