வெள்ளிக்கிழமைக் கறி

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு எதிரே மிலிட்டரி ஓட்டல். சமஸ்தானம் போனதும் ராஜா படத்தைக் கழற்றிய சுவரில் அந்தச் சதுரத்தில் மட்டும் புகை படியவில்லை. ஆவூர் சவரிமுத்து ஆட்டுக்கறிச் சாப்பாடு கேட்கிறார். "தவக்கால வெள்ளிக்கெழம, வேதக்காரங்க கறி தொடமாட்டீங்களே?" என்கிறார் பரிமாறும் அய்யாக்கண்ணு, அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்து. சவரிமுத்து வாசலைப் பார்க்கிறார். மகள் லூர்துமேரி கைகழுவிக்கொண்டே இருமுகிறாள். "மகளுக்குங்க. இனி கேட்டதெல்லாம் வாங்கிக் குடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு." அய்யாக்கண்ணுவின் கரண்டி வாளிக்குள்ளேயே நிற்கிறது. அவள் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு நல்லி எலும்பு இலையில் விழுகிறது. அவசரமாகப் பிசைந்தவள், அப்பாவின் இலையில் வெறும் ரசச் சோற்றைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்கிறாள். "பாவமில்லையாப்பா?" "சாப்புடு ஆத்தா." எலும்பை உறிஞ்சிவிட்டு அவள் சிரிக்கிறாள். "ஈஸ்டருக்குள்ள சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேம்ப்பா." சவரிமுத்து அய்யாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார். "எனக்கும் கறி போடுங்க. ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிக்கிறோம்."