தெரு முனையில் ரெண்டு கல்

"கல்லு வேணாம். வேற எதுனாலும் செய்ங்க."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஜுனைதா இப்படிச் சொன்னதும் கூட்டம் அடங்கிப்போனது.

வாலிநோக்கம் கீழத் தெருவுக்கு ஏதாவது ஒரு வேலை செய்து தர அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. என்ன வேலை என்பதைத் தெருக்காரர்களே சொல்லலாம். அதைக் கேட்டுப் போகத்தான் கிராம சேவகர் கூத்தையா வந்திருந்தார். கமுதிக்காரர். வேலைக்குப் புதுசு. இந்த ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பதுகூட அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

பூவரசங்கன்று வைக்கலாம் என்றார் ஒருவர். விளக்கு போடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் மளிகைக்கடை பாக்கர் எழுந்தார்.

"தெரு முனையில ரெண்டு குத்துக்கல்லு நடுங்க. உப்பு லாரி உள்ள வரக்கூடாது. போன வருசம் காலிதாவப் பறிகொடுத்தோமே, அது போதும்."

கைகள் மளமளவென்று உயர்ந்தன.

அந்தக் காலிதாவைப் பெற்ற உம்மாதான் இப்போது வேண்டாம் என்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர் கூத்தையாவின் காதில் சொன்னார்.

கூத்தையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா, உங்க பிள்ளைக்கு வந்தது இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாதுன்னுதான கேக்குறாங்க?"

"வரக்கூடாதுதான். அதுக்கு நானே நாள் பூரா முனையில போயி உக்காந்துக்கிறேன். சின்னப் புள்ளைக எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். கல்லு மட்டும் வேணாம்யா."

"உங்க மக பேரையே அந்தக் கல்லுல வெட்டி வைப்போம்மா. என்னைக்கும் நிலைச்சு நிக்கும்."

"ஐயோ, அதச் செஞ்சிராதீங்க!" அவள் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள். "அல்லாவுக்காகக் கேக்குறேன்."

கூத்தையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு குறுகலான தெருவுக்குள்ள லாரியக் கொண்டாந்தானே, அவனையாச்சும் நிறுத்திக் கேட்டீங்களா? ஊரு சும்மாவா விட்டுச்சு?"

பாக்கர் தரையைப் பார்த்தார். ஒரு கிழவர் செருமிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜுனைதாவின் புருஷன் மீரா சாகிபு மட்டும் எழுந்து நின்றார். உயர்த்திய கையை அவர் இன்னும் இறக்கவில்லை.

"இவ பேச்ச விடுங்க. எனக்கிருந்தது ஒத்தப் புள்ள. அது மவுத்தாப் போச்சு. நீங்க கல்ல நடுங்க."

"அப்புறமென்னம்மா, பெத்த தகப்பனே சொல்லிட்டாரு" என்றார் கூத்தையா.

ஜுனைதா முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

"கல்லு நட்டா அவன் இந்தத் தெருவுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டான்யா. தன்னயச் சுட்டிக்காட்டத்தான் நட்டிருக்காகன்னு நெனச்சு, முனையோட திரும்பிப் போயிருவான்."

உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. மீரா சாகிபுவின் கை மட்டும் அப்படியே நின்றது.

"யாரும்மா? யாரச் சொல்றீங்க?"

"லாரி ஓட்டுனவன."

"அவன் எதுக்கும்மா இனி இங்க வரணும்?"

ஜுனைதா புருஷனைப் பார்த்தாள். அவர் பார்வையை எங்கோ வைத்திருந்தார்.

"மத்தியானம் சோறு திங்க லாரியோட வீட்டுக்கு வந்தவன் என் மூத்த மகன்யா. அண்ணன் லாரியக் கண்டுதான், காக்கா வந்துட்டாருன்னு காலிதா வாசலத் தாண்டி ஓடுனா."