காலிப் பை

வனக் கல்லூரிப் பிள்ளைகள் மலைச்சரிவில் கன்று நட்டுப் பழகினார்கள். மதுரவல்லி அவசரக்குடுக்கை. வேங்கைக் கன்றைப் பிளாஸ்டிக் பையோடு குழியில் வைத்து மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மண்புழு பையை முட்டியது. "ஏய், வெளியே வா. இந்தப் பக்கம் ஈரம் இருக்கு."

"வழி இல்லையே அண்ணே. வேர் சுத்திச் சுத்தி வருது. தாகமா இருக்கு," என்றது உள்ளே இருந்த கன்று.

"கிழிக்க என் வாயில பல்லா இருக்கு?" என்று சிடுசிடுத்தது புழு. ஆனாலும் முட்டுவதை விடவில்லை.

மாலையில் வாத்தியார் காலிப் பைகளைத் திரும்பக் கேட்டார். எல்லோரும் நீட்டினார்கள். மதுரவல்லியின் கையில் ஒன்றுமில்லை. அலறியடித்து ஓடி வந்தாள். கன்றைத் தூக்கினாள்.

"பிடுங்கிப் போடப் போறா அண்ணே!" என்று கதறியது கன்று.

பை கிழிந்தது. வேருக்கு முதலில் தட்டுப்பட்டது அவள் விரல். அதையே பற்றிக்கொண்டது.

"சரி, சரி, நான் காத்திருக்கேன்," என்றது மண்புழு.