உள்ளே ஒன்றும் இருக்காது

“இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா தோணல?”

லேபின் முன்மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள். ரத்தம் கொடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நியாயம் யார் பக்கம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை.

கேட்டவளின் கணவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். வீங்கிய கால் செருப்புக்குள் அடங்கவில்லை. கழற்றி வைத்திருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வருஷா வருஷம் கம்பெனி எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனையை இங்கேதான் எடுப்பார். போன தடவையே சிறுநீரகம் கெடத் தொடங்கியது தெரிந்திருக்கிறது. நேற்று வேலையிடத்தில் மயங்கி விழுந்து, இதே கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் டாக்டரைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கி வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

“அனுப்பாம இல்ல மேடம். மூணு தடவை மெயில் போயிருக்கு.”

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். மெயிலின் தலைப்பு மட்டும் தெரிந்தது.

‘உங்கள் ரத்தம் உங்களிடம் ஒன்று சொல்ல நினைக்கிறது...’

கேட்டவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

விளம்பரக் கம்பெனியில் தலைப்பு எழுதுவது அவள் வேலை. ஆபீசில் பட்டப்பெயர் ‘தூண்டில்’. எங்கள் மெயிலை ஒருவரும் திறப்பதில்லை என்று இந்த லேபின் மேனேஜர் அழாத குறையாக வந்து உட்கார்ந்தபோது, ‘பரிசோதனை முடிவு: உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று அவர்கள் வைத்திருந்ததை அடித்துவிட்டு அவள் எழுதிக் கொடுத்த வரி அது. விடையை வாசலிலேயே வைத்துவிட்டால் யார் உள்ளே வருவார்கள் என்று அவரிடம் கேட்டிருந்தாள். தள்ளுபடி விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, பரிசோதனை முடிவு எல்லாவற்றுக்கும் அதையே போட்டார்கள். ஜனங்கள் விழுந்தடித்துத் திறந்தார்கள். ஆபீசில் அவளுக்குக் கேக் வெட்டினார்கள்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.” குரல் இறங்கியிருந்தது.

“முன்னாடி பண்ணிட்டுத்தான் இருந்தோம் மேடம். எல்லாரும் மெயிலைத் திறக்க ஆரம்பிச்சதும், இனி போன் எதுக்குன்னு நிறுத்திட்டாங்க. நீங்க ஏன் திறக்கல?”

கதவோரத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

“நான்தாம்மா அழிச்சிட்டேன். எனக்கு இந்த மெயில் விவரமெல்லாம் பத்தாது.”

வரிசையில் இருந்தவர்கள் கட்சி மாறினார்கள்.

ஒயர்களின் காட்டுக்குள் கைவிட்டு, கோளாறு எது என்று தொட்டுச் சொல்கிற மனுஷன். விவரம் பத்தாதாம். அவள் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துக்கொண்டாள்.

லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ‘பழுது. ஏறாதீர்கள்.’ அதைப் படித்தவர் யாருக்கும் எந்த ஆவலும் எழவில்லை. படித்தார்கள், படிக்கட்டைப் பார்த்து நடந்தார்கள். அவரும் ஒவ்வொரு படியாக ஏறினார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, மெயிலைத் திறக்காமல் அழித்த கதையையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம். இனி டயாலிசிஸ்தான், ஆயுசுக்கும். கையில போன் எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?”

“தப்புதான் டாக்டர்.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘முதுகுவலியா? இந்த ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்’ என்று ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. எந்த ஒன்று என்று அதில் இல்லை.

வெளியே வந்ததும் அவளுடைய அண்ணன் போனில் விசாரித்தார். மெயில் திறக்காமலே அழிந்துபோனது என்று மட்டும் சொன்னாள். படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, வந்ததைத் திறந்து பார்க்கக்கூடத் துப்பில்லையா என்று அவர் கத்தியது பக்கத்தில் நின்ற கணவருக்கும் கேட்டிருக்கும். அவள் “ம்” என்றாள். இன்னொரு தடவையும் “ம்” என்றாள்.

இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். மேலே போகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“எதுக்கு விவரம் பத்தாதுன்னு சொன்னீங்க?”

அவர் கால்விரல்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

“முதல் மெயில் வந்தன்னிக்கே போனை என்கிட்டத்தானே நீட்டினீங்க? ‘ரத்தம் ஏதோ சொல்லுதாமே, என்னன்னு பாரு’ன்னு. நான்தானே சிரிச்சேன். ‘இது நான் எழுதினது, சும்மா திறக்க வைக்கிற வித்தை, உள்ள ஒண்ணும் இருக்காது, அழிங்க’ன்னு சொன்னது நான்தானே? இனிமே எது வந்தாலும் கேட்காமலே அழிங்கன்னு சொன்னதும் நான்தானே?”

“அழிச்சது என் விரல்தானே.”

“எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். அண்ணன்கிட்ட, டாக்டர்கிட்ட...”

“வேணாம்.” கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். “நான் இனிமே வேலைக்குப் போக முடியாது. நாளையிலேருந்து நீ எழுதித்தான் வீடு ஓடணும். ஊருக்கெல்லாம் தெரிஞ்சுட்டா, உனக்கு எழுத வருமா?”