காலையில் பாடிய குரல்

ஜெரோமுக்குப் பன்னிரண்டு கம்பி கிட்டாரின் ஓசை வேண்டும். அவரிடம் இருந்ததோ ஆறு கம்பி கிட்டார்தான். காலையில் அதை வாசித்துப் பதிவு செய்தார். பிறகு தடித்த கம்பிகள் நான்கையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் மெல்லிய கம்பிகளை மாட்டினார். இதையும் வாசித்துப் பதிவு செய்து, இரண்டு பதிவையும் சேர்த்தால் பன்னிரண்டு கம்பி ஓசை வந்துவிடும்.

"அப்பாடா! ஏ தடியா, உன் உறுமலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே போச்சு" என்றது கிட்டார், மேசையிலிருந்த மிகத் தடித்த கம்பியிடம்.



ஜெரோம் காலைப் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டார்.

"யாரு இது? தூரத்து இடி மாதிரி எவ்வளவு நிதானம்! எனக்கு இப்படியொரு குரல் வாய்க்கலையே" என்றது கிட்டார்.

"நீதான். காலையில நாம சேர்ந்து பாடினது" என்றது தடித்த கம்பி.



ஜெரோம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவோடு சேர்ந்து வாசித்தார். ஹெட்போனிலிருந்து பழைய குரல் லேசாகக் கசிந்தது. பாதியில் கிட்டார் ஒலிக்க மறந்து அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டது.

"புதுக் கம்பி சரியில்லையோ?" என்று முணுமுணுத்த ஜெரோம், பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார்.

கிட்டாருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.