யூலை பதினான்கில் ஒரு கதிரை

அவள் உட்காரப் போன கதிரையில் கைப்பை வந்து விழுந்தது.

"இதிலை ஆக்கள் வரப்போகினம்."

மச்சாள் பவளராணி அவளைப் பார்க்காமலே சொன்னாள். அவள் விட்டுவிட்டு வந்த புருசனின் அக்கா.

அவள் தட்டத்தோடு நின்றாள். தட்டம் நிறைய மட்டன் றோல்ஸ். காலையில் எழும்பிப் பொரித்தது. தட்டத்தின் அடி இன்னும் கையைச் சுட்டது.

நகரசபை முற்றம் முழுக்க நீள மேசைகள். மேலே நீலம், வெள்ளை, சிவப்பில் தோரணம். பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். அந்தச் சின்ன நகரம் முழுவதும் வெளியில் வந்து ஒன்றாக இருந்து சாப்பிடும். ஒவ்வொரு வருடமும் இந்த மரத்தடி மேசை தமிழ் ஆட்களுக்கு. போன வருடம் அவளும் இதில்தான் இருந்தாள். அவனுக்குப் பக்கத்தில்.

இந்த முறை அவன் வரவில்லை. வேலையாம்.

அவன் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. ஒருத்தி தன் கோப்பைக்குள் பார்த்தாள். இன்னொருத்தி பிள்ளையின் வாயைத் துடைத்தாள். துடைத்த வாயையே திரும்பவும் துடைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். பாலம் தாண்டினால் அவளுடைய ஒற்றை அறை. றோல்ஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கிழமை முழுக்கத் தனியே தின்னலாம்.

அவள் போகவில்லை.

வெயிலுக்குள் இறங்கி முற்றத்தைக் கடந்தாள். அத்தனை கண்களும் முதுகில் ஏறி வந்தன. நடையை அவள் வேகப்படுத்தவில்லை.

கடைசி மேசையில் அகலத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பக்கத்தில் வெறும் கதிரை.

பிரெஞ்சில் அவளிடம் கடைக்கு ஒரு வசனம் இருந்தது. மருத்துவருக்கு ஒன்று. அறை வாடகைக்குத் தந்தவருக்கு ஒன்று. ஒரு மேசையில் இடம் கேட்க ஒன்றுமே இல்லை. அதுவரை தேவைப்பட்டதில்லை.

தட்டத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"செ லீப்ர், மதாம்?"

லீப்ர். ஆளில்லாத கதிரைக்கும் விடுதலையான ஆளுக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான்.

கிழவி கதிரையை வெளியே இழுத்துவிட்டாள்.

பாண். சீஸ். குளிர்ந்த பன்றியிறைச்சி. உருளைக்கிழங்குச் சலாது. எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் தன் தட்டத்தை வைத்தாள். மிளகாயைக் குறைத்திருக்கவில்லை. இவர்களை நினைத்துப் பொரிக்கவில்லையே.

எதிரே இருந்த நரைமீசைக்காரர் ஒன்றை எடுத்தார். கடித்தார். முகம் சிவந்தது. வைனை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் துடைத்தார்.

இன்னொன்று எடுத்தார்.

உள்ளே என்ன என்று கேட்டார்கள். ஆட்டுக்கு உரிய சொல் வரவில்லை. அவள் "மே" என்று கத்திக் காட்டினாள். மேசை முழுவதும் பதிலுக்கு "மே" என்றது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பாண்ட் வாத்தியக்காரர்கள் தேசிய கீதம் வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து பாடினார்கள். அது முடியவும் ஒருவர் அக்கோடியனை மடியில் எடுத்து வைத்து வாசித்தார். இடது காதில் அவளுக்கு அது கேட்கவில்லை. மாசி மாதம் அவன் அடித்த அடிக்குப் பிறகு அந்தக் காது அப்படித்தான். வலது காதுக்கு வந்ததே போதுமாக இருந்தது.

நரைமீசைக்காரர் எழுந்து வந்தார். ஆடலாமா என்று கை நீட்டினார்.

மரத்தடியில் கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. மச்சாளின் கை எல்லாவற்றுக்கும் மேலே. பொழுதுபட முதல் அந்த வீடியோ யாழ்ப்பாணம் போய்விடும். மாமி பார்ப்பாள். யாராவது அம்மாவிடமும் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

அம்மா.

ஒரு கணம் கை மேசையிலேயே கிடந்தது.

பிறகு எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள்.

ஆடத் தெரியாது. அவர் காலை மிதித்தாள். மிதித்த ஒவ்வொரு முறையும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். சுற்றிச் சுற்றி வரும்போது அவள் முகம் மரத்தடிப் பக்கம் திரும்பியது. குனியவில்லை. மச்சாளின் கமராவை நேரே பார்த்தாள்.

அடுத்த சுற்றிலும் பார்த்தாள்.

திரும்பி வந்து தண்ணீர் குடித்தபோது மேசையோரம் ஒருத்தி நின்றாள். சுகந்தினி. அவனுடைய தம்பியின் மனைவி. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை.

"என்ன, மச்சாள் அனுப்பினவவோ?"

"இல்லையக்கா. றோல் ஒண்டு எடுப்பமெண்டு வந்தனான்."

மரத்தடி வரை கேட்கும்படி சொன்னாள்.

எடுத்தாள். கடிக்கவில்லை. தட்டத்தின் மேல் குனிந்தாள். குரல் இறங்கியது.

"அக்கா, இஞ்சத்தைப் பொலிசிலை தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?"

அவள் அந்தச் சட்டைக் கையைப் பார்த்தாள். சுகந்தினி அதை விரல் வரை இழுத்துவிட்டாள்.

"இல்லை."

சுகந்தினி தலையாட்டினாள். போகத் திரும்பினாள்.

"நாளைக்கு," என்றாள் அவள், உதடு அசையாமல். "நான் உம்மோடை வாறன்."

பிறகு தட்டத்தைத் தூக்கி நீட்டி, முற்றமெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"ஒண்டு காணாது. இன்னொண்டு எடும்."